கையால் இயக்கினால் சரி, தானே இயங்கினால் தவறு



கணினியைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஆசிரிய நண்பர்கள் சிலர், "இதெல்லாம் நமக்கு எதற்கு ஐயா? கணினி தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டுமே!" என்று கூறுவதுண்டு. இன்று நான் எழுதவிருப்பதும் ஒரு கணினிக் கோளாற்றைப் பற்றித்தான். ஆயினும், அந்தக் கோளாற்றினால் ஒரு மாணவி, செய்யாத குற்றத்திற்காகத் தன் வீட்டில் தலைகுனிந்து நிற்க நேர்ந்தது. ஆகவே, இது நமக்கும் உரிய செய்தியே என்று கருதி எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஒரே வேலையை மீண்டும் மீண்டும் செய்வதற்காகக் கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்வதை ஸ்கிரிப்ட் என்பார்கள். இங்கே அதனைச் சிறுநிரல் என்று வழங்குகிறேன். அதனை இயக்க இரு வழிகள் உள்ளன. கறுப்புத் திரையைத் திறந்து, கட்டளை வரியில் அதன் பெயரைத் தட்டச்சு செய்து நாமே இயக்கலாம். அல்லது, குறித்த நேரத்தில் கணினியே தானாக இயக்குமாறு ஏற்பாடு செய்யலாம். லினக்ஸ் கணினிகளில் இந்த இரண்டாம் பணியைச் செய்வது கிரான் என்னும் செயலி. இரண்டு வழிகளிலும் இயங்குவது ஒரே கோப்புத்தானே, விளைவும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். அப்படி இருப்பதில்லை என்பதுதான் இக்கட்டுரையின் செய்தி.

நடந்தது என்ன?

எங்கள் பள்ளியில் வகுப்பாசிரியர்கள் அன்றாட வருகையை ஏட்டில் பதிவதோடு கணினியிலும் பதிகிறார்கள். அதனைத் தொகுத்து, யார் எத்தனை நாள் வரவில்லை என்று வாரந்தோறும் பட்டியல் தரும் சிறுநிரல் ஒன்றை எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் அன்போடு எழுதிக் கொடுத்திருந்தார். அலுவலகத்தில் பணிபுரியும் அம்மையார் வெள்ளிக்கிழமைதோறும் அதைக் கையால் இயக்கி வந்தார். பல மாதங்களாக ஒரு குறையும் இல்லை. பின்னர், அவருடைய வேலைச் சுமையைக் குறைக்க எண்ணி, வெள்ளி நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணிக்குத் தானாக இயங்கும்படி கிரானிடம் அதை ஒப்படைத்தோம்.

இரண்டு வாரங்கள் சென்றன. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் கையில் ஒரு கடிதத்தோடு பள்ளிக்கு வந்தார். அவருடைய மகள் மூன்று நாள்கள் காரணமின்றிப் பள்ளிக்கு வரவில்லை என்று கூறும் எச்சரிக்கைக் கடிதம் அது.

"சார், எம்பிள்ள பொய் சொல்லாது. மூனு நாளு எங்க போனேன்னு கேட்டா, ஸ்கூலுக்குத்தான் போனேன்னு அழுவுது. நான் காலையில ஆறு மணிக்கே பேக்டரி பஸ் ஏறிடுறேன். நான் யார நம்புறது?"

வகுப்பாசிரியரின் ஏட்டைப் புரட்டிப் பார்த்தோம். அந்த மூன்று நாளும் மாணவி வந்திருக்கிறாள். அவளுடைய கையெழுத்தில் மூன்று நாள் வீட்டுப் பாடங்களும் இருந்தன. உண்மையில் அந்நாள்களில் காய்ச்சலால் வராதவன் அதே வகுப்பின் வேறொரு மாணவன். தலைமையாசிரியர் அப்போதே கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மாணவியை அழைத்து, தாயாரின் முன்னிலையிலேயே, "நீ சொன்னதுதான் உண்மையம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அக்குழந்தை எத்தனை இரவுகள் காத்திருந்தாளோ!

அதற்குப் பின் தலைமையாசிரியர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஏன் இப்படி ஆயிற்று? இனியும் ஆகுமா?"

ஐந்து முறை இயக்கினேன், ஐந்து முறையும் சரி

அன்று மாலை கணினி அறையில் அமர்ந்து அதே சிறுநிரலை, அதே வாரத் தரவுகளோடு கையால் இயக்கினேன். மாணவியின் பெயருக்கு நேரே சுழியம் இருந்தது. அதாவது, ஒரு நாளும் தவறவில்லை. மீண்டும் இயக்கினேன். ஐந்து முறையும் சரியான விடையே வந்தது. ஆனால், இரவில் கிரான் உருவாக்கி வைத்திருந்த பட்டியலில் அவள் பெயருக்கு நேரே மூன்று என்று இருந்தது. ஒரே கணினி, ஒரே பயனர் கணக்கு, ஒரே கோப்பு, இரு வேறு விடைகள்! எழுதிய மாணவரைத் தொலைபேசியில் அழைத்தபோது அவரும், "என்கிட்ட சரியாத்தான் ஓடுது சார்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை.

இந்த இடத்தில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். நிரலின் ஒவ்வொரு வரியையும் சந்தேகித்துத் திருத்தத் தொடங்குகிறார்கள். நிரல் ஓரிடத்தில் சரியாக இயங்கி, வேறோரிடத்தில் பிறழ்கிறது என்றால், நாம் முதலில் ஆராய வேண்டியது அந்த இரண்டு இடங்களுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான்.

வீட்டில் தங்குதடையின்றித் திருக்குறள் ஒப்பிக்கும் பிள்ளை பள்ளி மேடையில் தடுமாறினால், "இவனுக்குக் குறள் தெரியாது" என்று நல்லாசிரியர் முடிவு கட்டமாட்டார். மேடையில் என்ன மாறியது என்று பார்ப்பார். ஒலிவாங்கி அவன் உயரத்துக்கு இருந்ததா, முதல் அடியை எடுத்துக்கொடுக்கும் அக்காள் அருகில் இருந்தாளா என்று கேட்பார்.

கணினி ஒன்றை எடுத்துக்கொடுக்கிறது

கட்டளை வரியிலும் அப்படி எடுத்துக்கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். அவற்றிற்குச் சூழல் மாறிகள் என்று பெயர். 1979-ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு வழக்கில் இருந்து வருகிறது. நாம் கணினியில் புகுபதிகை செய்தவுடன் பல குறிப்புகள் நமக்காக எழுதி வைக்கப்படுகின்றன. நம் வீட்டுக் கோப்புறை எது, நிரல்களை எந்தெந்தக் கோப்புறைகளில் தேடுவது, எந்த மொழியின் மரபைப் பின்பற்றுவது என்பவை அவற்றுள் சில. நாம் இயக்கும் ஒவ்வொரு நிரலும் இக்குறிப்புகளின் படி ஒன்றைத் தாயிடமிருந்து பிள்ளை பெறுவதுபோல் பெற்றுக்கொள்கிறது.

கிரான் நாம் புகுபதிகை செய்யும் வழியில் வருவதில்லை. நம்முடைய தனிப்பட்ட தொடக்கக் கோப்புகளை அது படிப்பதில்லை. ஆகவே, அது இயக்கும் நிரல் ஏறத்தாழ வெறுங்கையோடு புறப்படுகிறது.

இதனை நேரில் காண எளிய வழி உண்டு. என்வி என்னும் கட்டளை, அப்போது நடப்பிலுள்ள சூழல் மாறிகள் அனைத்தையும் பட்டியலிடும். அதைக் கட்டளை வரியில் ஒருமுறை இயக்கி, வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்தேன். பிறகு, அதே கட்டளையைக் கிரான் வழியாக இயக்கி வேறொரு கோப்பில் சேமித்தேன். இரண்டையும் டிஃப் கட்டளையால் ஒப்பிட்டேன். கையால் இயக்கிய பட்டியல் திரையை நிறைத்தது. கிரான் தந்ததோ ஒரு கைவிரல்களால் எண்ணக்கூடிய வரிகள். அதில் இல்லாதவற்றுள் ஒன்று என் கண்ணில் பட்டது: மொழியைக் குறிக்கும் லேங் என்னும் மாறி.

அகர வரிசையா, எண் வரிசையா?

எங்கள் கணினியில் அந்தப் பயனரின் தொடக்கக் கோப்பில் மட்டும் மொழி தமிழ் என்று எழுதப்பட்டிருந்தது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் குனு சி நூலகத்தில் தமிழுக்கு இந்தியா, இலங்கை என இரண்டு வட்டார அமைப்புகள் உள்ளன. எங்களுடையது இந்தியா. கணினியின் பொது அமைப்பில் மொழி எதுவும் குறிக்கப்படவில்லை. சில இயங்குதளங்களில் கிரான் அந்தப் பொது அமைப்பிலிருந்து மொழியை எடுத்துக்கொள்ளும். எங்களிடம் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

மொழி குறிக்கப்படாதபோது, சொற்களை வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளை தமிழ் மரபை அறியாது. எழுத்துகளின் உள் எண்களை மட்டும் ஒப்பிட்டு அடுக்கும். 1991-இல் வெளிவந்த முதல் ஒருங்குறிப் பதிப்பு முதல் தமிழுக்கும் இடம் உண்டு. ஆனால், எழுத்துகளின் இட ஒதுக்கீடு நம் நெடுங்கணக்கின்படி அமையவில்லை. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட 1988-ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தை ஒட்டி அமைந்தது. அதனால், சகரத்தின் எண் 2970, ஜகரத்தின் எண் 2972, தகரத்தின் எண் 2980, வகரத்தின் எண் 2997.

சங்கு, தட்டு, வண்டி, ஜன்னல் என்னும் நான்கு சொற்களை எடுத்துக்கொள்வோம். தமிழ் அகராதி மரபில் வடவெழுத்துகள் இறுதியில் வரும். ஆகவே, நான் எழுதிய வரிசையே சரி. எண் வரிசையிலோ சங்கு, ஜன்னல், தட்டு, வண்டி என்று ஆகிவிடும். புள்ளி எழுத்துகளிலும் இத்தகைய முரண் உண்டு. அகராதியில் அம்மி முன்னும் அமுது பின்னும் வரும். ஒருங்குறியில் புள்ளியின் எண் 3021, உகரக் குறியின் எண் 3009. ஆகவே, எண் வரிசையில் அமுது முந்திக்கொள்ளும்.

இப்போது எங்கள் சிறுநிரலுக்கு வருவோம். ஆண்டுத் தொடக்கத்தில் தமிழ் அகர வரிசையில் அமைத்த பெயர்ப் பட்டியல் ஒரு கோப்பில் இருந்தது. வாராந்தர வருகைத் தரவைச் சிறுநிரல் பெயர் வாரியாக வரிசைப்படுத்தி, எண்களை மட்டும் பிரித்தெடுத்து, முதற்பட்டியலின் பக்கத்தில் வரிக்கு வரி ஒட்டியது. இரண்டும் ஒரே வரிசையில் இருக்கும்வரை இது சரியான முறைதான். கையால் இயக்கியபோது இரண்டும் தமிழ் வரிசை. இரவிலோ, முதற்பட்டியல் தமிழ் வரிசை. வருகைத் தரவு எண் வரிசை.

அந்த மாணவியின் பெயர் ஜகரத்தில் தொடங்குவது. அவ்வகுப்பில் வடவெழுத்தில் தொடங்கும் பெயர் அது ஒன்றே. முதற்பட்டியலில் அவள் கடைசி. இரவின் வருகைத் தரவில் அவள் நடுவே சென்றுவிட்டாள். ஆகவே, தகரப் பெயர்களிலிருந்து ஒவ்வொருவருடைய வருகையும் ஒரு படி கீழிறங்கி அடுத்தவர் கணக்கில் சேர்ந்தது. கடைசியில் நின்ற வகரப் பெயர்க்காரனின் காய்ச்சல் நாள்கள் மூன்றும் இவள் தலையில் விழுந்தன. சகரம் வரையிலான பெயர்களில் மாற்றமே இல்லை. அதனால்தான், பட்டியலின் மேற்பகுதியைச் சரிபார்த்தவர்களுக்கு ஐயம் எழவில்லை. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. நிரல் தன் பணியை இனிதே முடித்ததாகவே பதிவு செய்திருந்தது.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "பெயரைச் சகரத்தில் எழுதியிருந்தால் வம்பே இல்லை" என்று பாதி விளையாட்டாகச் சொன்னார். நானும் தனித்தமிழ்ப் பற்றுடையவன்தான். ஆயினும், பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் இட்ட பெயரை ஒரு கணினிக்காக மாற்றச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. மாற வேண்டியது சிறுநிரல்.

நோயைக் கையால் வரவழைத்தல்

காரணம் இதுதான் என்று கருதுவது வேறு, மெய்ப்பிப்பது வேறு. ஒவ்வொரு சோதனைக்கும் இரவு இரண்டு மணிவரை காத்திருக்கவும் இயலாது. என்வி கட்டளையோடு ஒரு சிறு கோடும் ஐ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தும் சேர்த்து, அதன்பின் சிறுநிரலின் பெயரை எழுதினால், சூழல் மாறிகள் அனைத்தையும் களைந்துவிட்டு வெறுமையான சூழலில் அது இயங்கும். அப்படி இயக்கியபோது, பட்டப்பகலில், என் கண்முன்னேயே அந்தத் தவறான 3 தோன்றியது. பிறகு லேங் மாறியை மட்டும் சேர்த்துக் கொடுத்து இயக்கினேன். 3 மறைந்து சுழியம் வந்தது. ஒரே ஒரு மாற்றம். அதற்கேற்ப விடையும் மாறியது. இனி ஐயத்திற்கு இடமில்லை.

திருத்தம் இரண்டு செய்தோம். மொழி அமைப்பைச் சிறுநிரலின் முதல் வரிகளிலேயே எழுதிவிட்டோம். யார் இயக்கினாலும் அது இனித் தன் மொழியைத் தானே அறியும். அதைவிட முக்கியமானது இரண்டாவது: வரிக்கு வரி ஒட்டும் முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு பிள்ளையின் பதிவெண்ணைக் கொண்டு பொருத்தும்படி மாற்றினோம். இனி வரிசை எப்படிக் குலைந்தாலும் ஒருவர் கணக்கு மற்றவர்மேல் ஏறாது. முந்தைய இரு வாரப் பட்டியல்களையும் எல்லா வகுப்புகளுக்கும் மறுபடி கணக்கிட்டு, ஏட்டோடு ஒப்பிட்டுத் திருத்தினோம்.

வேறு எங்கெங்கே இப்படி நேரும்?

இதே வகைச் சிக்கல் வேறு வடிவங்களிலும் வரும். நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் சிலவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது, நிற்கும் இடம். கட்டளை வரியில் நாம் பெரும்பாலும் சிறுநிரல் இருக்கும் கோப்புறையிலேயே நின்று அதை இயக்குவோம். கிரான் பயனரின் வீட்டுக் கோப்புறையில் நின்று இயக்கும். கோப்பின் பெயரை மட்டும் எழுதியிருந்தால் அது கிடைக்காது. முழுப் பாதையையும் எழுதுவதே நன்று.

இரண்டாவது, தேடும் இடம். நிரல்களைத் தேடவேண்டிய கோப்புறைகளைச் சொல்வது பாத் என்னும் மாறி. கிரானில் இது பெரும்பாலும் இரண்டே கோப்புறைகளோடு நின்றுவிடும். நாம் தனியாக நிறுவிய நிரல்கள் வேறிடத்தில் இருந்தால், அப்படியொரு கட்டளையே இல்லை என்று கூறிவிடும்.

மூன்றாவது, கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் ஓடு. நாம் தட்டச்சு செய்வது பெரும்பாலும் பாஷ் என்னும் ஓட்டில். கிரான் அழைப்பதோ எஸ்எச் என்பதை. உபுண்டு 2006-இல் வெளியிட்ட 6.10 பதிப்பு முதல், எஸ்எச் என்ற பெயரில் இயங்குவது டாஷ் என்னும் சிறிய ஓடு. பாஷில் உள்ள இரட்டைச் சதுர அடைப்புச் சோதனையை டாஷ் அறியாது.

நான்காவது, விழுக்காட்டுக் குறி. கிரானின் அட்டவணையில் இக்குறியை அப்படியே எழுதினால் அது புதிய வரியின் தொடக்கமாகக் கொள்ளப்படும். தேதியைக் கோப்புப் பெயரில் சேர்க்க இக்குறி தேவைப்படும். கட்டளை வரியில் பிழையின்றி இயங்கிய அதே வரி அட்டவணையில் பாதியில் அறுந்துவிடும். குறிக்கு முன் பின்சாய்கோடு இடவேண்டும்.

ஐந்தாவது, நேரம். 1982 சனவரி 1 முதல் மலேசிய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முந்தியது. வழங்கிக் கணினிகள் பல உலகப் பொது நேரத்திலேயே இயங்குகின்றன. காலை 8 மணிக்கு முன் நாம் பதியும் வருகைக்கு அத்தகைய கணினி முந்தைய நாளின் தேதியை இட்டுவிடும். பள்ளிகளில் வருகை எடுக்கப்படும் நேரமும் அதுதானே!

ஆறாவது, பிஎச்பி நிரல்கள். இம்மொழியில் எழுதிய பக்கம் உலாவி வழியாக இயங்கும்போது இயல்பாக 30 வினாடி நேர வரம்பு உண்டு. கட்டளை வரியில் அந்த வரம்பே இல்லை. இரண்டும் வெவ்வேறு அமைப்புக் கோப்புகளைப் படிப்பதும் உண்டு. இயக்கும் பயனரும் வேறு. ஆகவே, ஒருவரால் திறக்கக்கூடிய கோப்பு மற்றவருக்கு மறுக்கப்படலாம்.

ஏழாவது, விண்டோஸ் பயன்படுத்துவோருக்கு. 2016-இல் வந்த பைத்தான் 3.6 முதல், கட்டளைத் திரையில் தமிழ் எழுத்துகளை அச்சிடுவதில் தடை இல்லை. ஆனால், அதே வெளியீட்டைத் திரைக்குப் பதிலாகக் கோப்பிற்குத் திருப்பிவிட்டால், பழைய குறியாக்கத்தைக் கையாண்டு பிழை காட்டி நின்றுவிடக்கூடும். 2018-இன் 3.7 பதிப்பு முதல், யூடிஎஃப்-8 முறையை இயக்கும் சூழல் மாறி ஒன்று இதற்கென உள்ளது. கோப்பைத் திறக்கும்போதே குறியாக்கத்தை வெளிப்படையாக எழுதிவிடுவது இன்னும் நல்ல பழக்கம்.

நாங்கள் கைக்கொண்ட வழக்கம்

எங்கள் கணினி அறைச் சுவரில் இப்போது ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. தானாக இயங்கப்போகும் எந்தச் சிறுநிரலையும் முதலில் வெறுஞ்சூழலில் இயக்கிப் பார்க்க வேண்டும். அது எங்கே நிற்கிறது, எந்தப் பயனராக இயங்குகிறது, எந்த மொழி, எந்த நேர வலயம் என்பவற்றை அதன் முதல் வரிகளிலேயே பதிவுக் கோப்பில் எழுதச் செய்ய வேண்டும். பிழைச் செய்திகளையும் அதே கோப்பிற்குத் திருப்ப வேண்டும். விடையைச் சரிபார்க்கும்போது பட்டியலின் தலையை மட்டும் பாராமல் நடுவையும் கடைசியையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்றைத் தலைமையாசிரியர் தம் கையால் அத்தாளில் சேர்த்தார்: கணினி தந்த பட்டியலை மட்டும் கொண்டு எந்த வீட்டுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பப்படாது, வகுப்பாசிரியர் ஏட்டைப் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே அனுப்பப்படும். எங்கள் திருத்தங்களுள் இதுவே தலையாயது என்பது என் கருத்து.

உங்கள் பள்ளியிலும் தானாக இயங்கும் சிறுநிரல் ஏதேனும் இருந்தால், இவ்வாரமே என்வி கட்டளையால் இரு பட்டியல்கள் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.